ரேடியான் 7750: ஒலி வேண்டுமா, பழைய மானிட்டர் வேண்டுமா?

பள்ளத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவருடைய கணினியில் 11 ஏறாது. உள்ளே இருப்பது என்னிடம் உள்ள அதே ரேடியான் எச்டி 7750 கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அட்டை. லினக்ஸ் போட்டால் ஓடுமா?

ஓடும். காரைக்குடியில் நான் அழைப்பிதழ் வடிவமைக்கும் மேசையில் டெபியன் 13 (லினக்ஸில் ஒரு வகை) வந்ததிலிருந்து அதுதான் ஓடுகிறது. 2012-இல் வெளிவந்த கார்டு, 55 வாட்டில் அடங்கிவிடும், தனி மின் இணைப்புக்கூடக் கேட்காது. இதற்கு விண்டோஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதைத் தயாரித்த ஏஎம்டி நிறுவனமே 2021 ஜூனில் நிறுத்திவிட்டது. லினக்ஸில் டிரைவர் அதன் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாகத் தேடி அலைந்த காலமும் டெபியன் 12-ஓடு போயிற்று. நிறுவும்போதே அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. நிறுவி முடித்ததும் இரண்டு மானிட்டர்களும் ஒழுங்காக எழுந்தன: ஒன்று படத்தோடு ஒலியும் ஒரே வயரில் போகும் எச்டிஎம்ஐ, மற்றது பழைய அனலாக் இணைப்பான விஜிஏ. யூடியூப் மட்டும் சற்று முனகும்: எச்.264 வீடியோவைக் கார்டு பார்த்துக்கொள்ளும்; விபி9, ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவங்கள் வந்தால் பாரம் முழுதும் பிராசஸர் தலையில்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. விடுமுறைக்கு வந்த அக்காள் மகனுக்கு விண்டோஸ் விளையாட்டு வேண்டுமாம். விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக அது ஓட, வல்கன் என்னும் கிராஃபிக்ஸ் வசதி தேவை. இந்தச் சிப்புக்கு இரண்டு டிரைவர்கள் உண்டு: பழைய 'ரேடியான்', புதிய 'ஏஎம்டிஜிபியு'. டெபியன் 13-இன் 6.12 கெர்னல் தானாக எடுப்பது பழையதை. அதில் வல்கன் இல்லை. கணினி எழும்போது படிக்கும் கிரப் கோப்பில் பழையதற்கு 0, புதியதற்கு 1 என்று ஒரு வரி சேர்த்து மாற்றினேன். விளையாட்டு ஓடியது. ஒலி போயிற்று.

ஒலி அமைப்புகளில் எச்டிஎம்ஐ என்ற பெயரே காணோம். இந்தக் கெர்னலில், இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் தன் பழைய திரைப் பகுதியைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. அதில் எனக்கு எச்டிஎம்ஐ வழியே ஒலி வரவில்லை. 'டிசி' என்னும் புதிய திரைப் பகுதியைக் கிரப்பின் அதே வரியில் இன்னொரு சொல் சேர்த்து இயக்கினால் ஒலி வருகிறது, விஜிஏ மானிட்டர் இருண்டுவிடுகிறது. அனலாக் இணைப்பு டிசிக்குத் தெரியாதாம். ஒரு பிழைச்செய்தியாவது வர வேண்டாமா? ஒன்றும் கிடையாது.

அந்த விஜிஏ மானிட்டர் எனக்கு அலங்காரப் பொருள் அல்ல. வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருப்பது அதுதான். ஆச்சிமார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் பார்ப்பார்கள். கோயில் பெயர் இலுப்பைக்குடியா வைரவன்பட்டியா, அப்பச்சியின் முன்னெழுத்து விட்டுப்போயிற்றா என்று எல்லாத் திருத்தமும் அங்கேதான் நடக்கும். சாயங்காலம் பார்த்தால் திரை முழுக்க விரல் தடம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விஜிஏ வைத்திருப்பவர்களின் திரை இருண்டுவிடக் கூடாது என்றுதான் டிசியை இயல்பாக இயக்காமல் விட்டிருந்தார்கள். என்னைப் போன்றவனை நினைத்துச் செய்ததுதான். இந்த வயதுக் கார்டுக்கு இவ்வளவு கவனிப்பு வேறெங்கே கிடைக்கும்? புரோட்டானை உருவாக்கிய வால்வ் நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் ஒருவர் உட்கார்ந்து டிசிக்கு அனலாக்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். 6.19 கெர்னலில் அது சேர்ந்துவிட்டது. இந்தச் சிப்புகளுக்கும் புதிய டிரைவரே இயல்பு என்றாகிவிட்டது. ஆனால் முகூர்த்த மாதத்தில் கெர்னலில் கைவைக்க நான் தயாரில்லை. டிஸ்ப்ளேபோர்ட் என்னும் டிஜிட்டல் இணைப்பிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்பார்கள். தீரும்தான். இந்தக் கார்டுக்கு இனி ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை என்பது என் வைராக்கியம்.

ஆகவே பழைய டிரைவருக்கே திரும்பிவிட்டேன். ஒலி இருக்கிறது, ஆச்சிமார் திரையும் இருக்கிறது, விளையாட்டுதான் இல்லை. அக்காள் மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நண்பரே, உங்களிடம் இருப்பது தங்கமான கார்டு. தாராளமாக டெபியன் போடுங்கள். யாராவது இதையே பழைய விலைக்குத் தருகிறேன் என்றால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், நானே நிறுவித் தருகிறேன். வரும் வழியில் உங்கள் விஜிஏ மானிட்டரை எடைக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.