பனை உழவாரனா, நாட்டு உழவாரனா?

அரிவாள் போல வளைந்த சிறகோடு ஒரு சின்னப் பறவை தலைக்கு மேல் விர்ரென்று கடந்தால், அது எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். மின்கம்பியில் உட்கார்ந்தால் அது தகைவிலான் (swallow). அதைப் போலவே தோன்றும் உழவாரன் (swift) என்ற பறவைக்கு அப்படிக் கம்பியைப் பற்றி உட்காரும் கால் கிடையாது. அதன் குட்டைக் காலும் கூர்நகமும் சுவரிலோ ஓலையிலோ தொற்றிக்கொள்ளத்தான் உதவும். உழவாரன் குடும்பத்தின் அறிவியல் பெயருக்கே ‘காலில்லாதது’ என்றுதான் பொருள்.

தென்னிந்தியச் சமவெளியில் அடிக்கடி கண்ணில் படும் உழவாரன்கள் இரண்டு. பனை உழவாரன், நாட்டு உழவாரன் இரண்டுமே ஏறக்குறைய 13 செ.மீ. நீளம்தான். ஆகவே அளவை வைத்துப் பிரிக்க முடியாது. உடல்வாகைப் பாருங்கள். நாட்டு உழவாரன் கட்டையானது, கறுப்பு. வால் குட்டையாக, நுனி வெட்டிவிட்டதுபோல் நேராக இருக்கும். பனை உழவாரன் ஒல்லி, சாம்பல் கலந்த பழுப்பு. சிறகும் வாலும் மெலிந்து நீண்டவை.

புத்தகங்கள் முதலில் சொல்லும் அடையாளம், நாட்டு உழவாரனின் வாலுக்குச் சற்று மேலே முதுகில் இருக்கும் வெள்ளைப் பட்டை. பனை உழவாரனுக்கு அது இல்லை. சிக்கல் என்னவென்றால், நாம் தரையில் நிற்கிறோம், பட்டையோ முதுகில் இருக்கிறது. வெளிச்சமான வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கும்போது எல்லா உழவாரனும் கறுப்பு நிழல்தான். அவசரப்படாமல் ஒரே பறவையைக் கண்ணால் தொடருங்கள். அது வட்டமடித்துத் திரும்பும்போது உடல் ஒருபக்கம் சாயும். அந்த நொடியில் வெள்ளை பளிச்சென்று தெரியும். பட்டை விலாப்பக்கம் வரை சுற்றி வருவதால் சில சமயம் கீழிருந்தே அதன் ஓரம் தெரிவதும் உண்டு. தொண்டையிலும் வெள்ளை இருக்கிறது. ஆனால் பனை உழவாரனின் தொண்டையும் கொஞ்சம் வெளிறியிருக்கும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பெயர் சொல்ல மாட்டேன்.

வாலிலும் ஒரு ஏமாற்று உண்டு. பனை உழவாரனின் வால் ஆழமாகப் பிளந்தது. ஆனால் நேராகப் பறக்கும்போது அதை மூடியே வைத்திருப்பதால் ஊசி போல ஒற்றை முனையாகத் தெரியும். பிளவைக் காணோமே என்று குழம்ப வேண்டாம், அந்த ஊசிமுனையே போதுமான அடையாளம். திரும்பும்போது வால் கத்தரிக்கோல் போல விரியும். நாட்டு உழவாரன் வாலை விரித்தால் நுனி லேசாக வட்டமாகும், அவ்வளவுதான்.

இடத்தை வைத்துச் சொல்லலாமா? ஓரளவு சொல்லலாம். பனைமரக் கூட்டம் இருந்தால் பனை உழவாரன் இருக்கும் வாய்ப்பு அதிகம். பழைய கட்டடம், பாலம், கோபுரம் என்றால் நாட்டு உழவாரன். ஆனால் இரை தேடும்போது இரண்டும் ஒரே வானத்தில் கலந்து பறக்கும், பனைக்கு மேலே பறப்பதெல்லாம் பனை உழவாரன் ஆகிவிடாது.

கூட்டில் மட்டும் குழப்பமே இல்லை. நாட்டு உழவாரன்கள் கூரைக்கு அடியில் இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டி, ஒன்றோடொன்று நெருக்கமாகக் கூடு கட்டும். கீச்சுக் கீச்சென்று கூட்டமாக எழுப்பும் சத்தமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பனை உழவாரன், தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிச் சின்னக் கிண்ணம் செய்கிறது. இரண்டு மூன்று முட்டையையும் எச்சிலாலேயே அதில் ஒட்டிவிடும். காற்றில் ஓலை எப்படி ஆடினாலும் முட்டை உருளாது. பனையடியில் நின்று, வேகமாக வந்த பறவை காய்ந்த ஓலைக்குள் சட்டென்று மறைவதைப் பாருங்கள். இந்தப் பறவையை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதனால்தான்.

ஒரு வேண்டுகோள். காய்ந்த ஓலையைக் கழிக்கும் முன்பும், சுவருக்கு வெள்ளையடிக்கும் முன்பும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால், அது பறந்து போகும் வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.