கர்ப்பத்தில் வரும் மங்கு: எதைப் பூசலாம், எதைத் தொடவே கூடாது

ஐந்தாம் மாதம் வாக்கில் கன்னத்து எலும்பின் மேலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்புத் திட்டு படர ஆரம்பித்தால், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். மாமியார் ஜாதிக்காயை உரசிப் போடச் சொல்வார். அக்கா எலுமிச்சையும் தேனும் என்பார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பேச்சே இல்லாமல் ஒரு ட்யூப்பை எடுத்து நீட்டுவார்கள். போனைத் திறந்தால் சீரம் விளம்பரம். இவற்றில் எது தேறும் என்று பார்த்துவிடலாம்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறுகின்றன. நிறமி செல்களைத் தூண்டும் ஹார்மோனும் கூடுகிறது. முலைக்காம்பும் அக்குளும் கருப்பது, தொப்புளுக்குக் கீழே கருங்கோடு விழுவது எல்லாம் அதனால்தான். முகத்தில் மட்டும் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஹார்மோன் பிரசவம் வரை இறங்கப் போவதில்லை. நம் கைக்கு எட்டுவது வெயில் ஒன்றுதான். ‘எது சீக்கிரம் வெளுக்க வைக்கும்’ என்று கேட்டு வாங்கப் போனால் தப்பான ட்யூப்போடுதான் திரும்பி வருவோம். மேலும் கருக்காமல் எது காக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு எது பாதகமில்லாதது என்ற இரண்டையும் வைத்துத்தான் இங்கே தரம் பிரிக்கிறேன்.

முதலில் சமையலறைச் சரக்கு. கற்றாழை, தயிர், கடலை மாவு இதெல்லாம் பூசினால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. முகம் குளிர்ந்தால் சரி என்று விட்டுவிடலாம். எலுமிச்சை அப்படியல்ல. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகி, ஆறிய இடம் முன்பைவிடக் கருக்கும். ஜாதிக்காயைக் கல்லில் இழைத்து அழுத்தித் தேய்ப்பதிலும் இதே சங்கடம்: எரிச்சல் வந்தால் நம்மைப் போன்ற மாநிறத் தோல் அதற்குப் பதிலாகக் கறுப்பைத்தான் கொடுக்கும். மங்கைப் போக்கப் போய் மங்கின் மேல் இன்னொரு தழும்பு எதற்கு? குங்குமப்பூ பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். பால் நல்லது, குடிக்கலாம்.

அடுத்து சன்ஸ்கிரீன். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் எந்த சன்ஸ்கிரீன் என்பதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மொராக்கோவில் கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2007-ல் வெளியானது. எஸ்.பி.எஃப். (வெயில் தடுக்கும் அளவு) 50-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைப் பூசிவந்து ஆய்வை முடித்த 185 பேரில் 5 பேருக்கு மட்டுமே புதிதாக மங்கு வந்தது. சும்மா கழுவிய முகத்தோடு வெயிலில் அலைவதை ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஆக்ஸிபென்சோன் போன்ற, வெயிலை வடிகட்டும் ரசாயனங்கள் உள்ளது ஒன்று. தடவினால் தெரியாது, பிசுபிசுப்பு குறைவு. ஆனால் இவை தோல் வழியாக ரத்தத்தில் சேர்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-லும் 2020-லும் வெளியிட்ட ஆய்வுகளில் தெரிந்தது. அதனால் கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் கர்ப்பத்தில் மாற்று இருக்கும்போது அதை எடுப்பானேன்? மாற்று, துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ கலந்த மினரல் வகை. தோலுக்கு மேலேயே தங்கிவிடும். இதிலும் ஒரு தொல்லை உண்டு: மாநிற முகத்தில் பூசியதும் சாம்பல் அப்பியது மாதிரி வெளிறும், வேர்த்தால் கோடு கோடாக இறங்கி துப்பட்டாவில் ஒட்டும். பாதிப் பேர் இதற்காகவே அளவைக் குறைத்துப் பூசுகிறார்கள்.

அதனால் மினரலிலும் டின்டட் வகையை எடுங்கள். அதில் உள்ள பழுப்பு நிறம் இரும்பு ஆக்ஸைடு. வெளிறலை மறைப்பதோடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது தடுக்கிறது. மாநிறத் தோலில் மங்கை ஏற்றுவதில் புற ஊதாக் கதிருக்கு மட்டுமல்ல, அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு; நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் கணக்கு அதேதான், யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். விலை கூடுதல்தான், கையில் காசு இறுக்கமாக இருந்தால் குடையும் முகத்தை மூடும் துணியும் பாதி வேலையைச் செய்துவிடும்.

சன்ஸ்கிரீன் போட்டும் மனசு கேட்கவில்லை, ஏதாவது செய்தாக வேண்டும் என்பவர்களுக்கு அசெலாயிக் அமில க்ரீமா, வைட்டமின் சி சீரமா என்று ஒரு போட்டி நடக்கிறது. இரண்டுமே கர்ப்பத்தில் பொதுவாக ஏற்கப்பட்டவை. சீரத்துக்கு விலை அதிகம், பலன் மெதுவானது, பாட்டில் திறந்த சில வாரத்தில் பழுப்பேறிவிடும். அசெலாயிக் பக்கம் சான்று வலுவானது: 20 சதவீத அசெலாயிக் அமிலத்தையும் மங்குக்கு வழக்கமாகத் தரும் வெளுப்பு மருந்தான 4 சதவீத ஹைட்ரோகுவினோனையும் 24 வாரம் ஒப்பிட்டதில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்தன. பூசியதில் ரத்தத்துக்குப் போவது சுமார் 4 சதவீதம்தான். முதல் சில வாரம் சுணுசுணுவென்று அரிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பித்தால் தோல் பழகிக்கொள்ளும். தோல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மெடிக்கல் ஷாப்காரர் நீட்டிய அந்த ட்யூப்புக்கு வருவோம். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் மூன்று பெயர் இருக்கும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை, அதுதான் இதன் வியாபாரமே. ஆனால் ஹைட்ரோகுவினோன் பூசியதில் 35 முதல் 45 சதவீதம் வரை உடம்புக்குள் போகிறது. ட்ரெட்டினோயின், கருவைப் பாதிக்கும் என்று உறுதியான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையின் குடும்பம். மொமெட்டசோன் ஸ்டீராய்டு, மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தியதும் மங்கு இரட்டிப்பாகத் திரும்பும். ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. யார் கேட்கிறார்கள்! மங்குக்குச் சிலர் தரும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் கர்ப்பிணிக்கு வேண்டாம், அது ரத்த உறைவைக் கரையவிடாது: ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே கூடியிருக்கும் காலம் இது.

இதைவிட மோசமானது பெயர் ஊர் தெரியாத சிவப்பழகு க்ரீம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயால் சிறுநீரில் புரதம் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை விசாரித்ததில், அவர்கள் பூசிய வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருந்தது தெரிந்தது. பாதரசம் நஞ்சுக்கொடியையும் கடக்கும். தயாரிப்பாளர் முகவரியும் சேர்மானப் பட்டியலும் அட்டையில் இல்லாவிட்டால் அன்பளிப்பாக வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எதுவுமே பூசாமல் காத்திருப்பதும் ஒரு வழிதான். பலருக்கு பிரசவத்துக்குப் பின் சில மாதத்தில் திட்டு தானாக மங்கும். சிலருக்கு வருஷம் தாண்டியும் நிற்கும். அப்படி நின்றால் தோல் டாக்டரைப் பார்க்கலாம், தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டு. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட நினைப்பவர்கள் மகப்பேறு டாக்டரிடம் மங்கு வந்த கதையையும் சொல்லுங்கள்: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடும், காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது.