மூன்றாம் நாள் பேட்டரி: புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத வீட்டில் எது உழைத்தது, எது காலை வாரியது

வழக்கமான மின்வெட்டுக்காக வாங்கிய இன்வெர்ட்டரை நம்பிப் புயலைச் சந்திக்க முடியாது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும், வரும். வந்ததும் பேட்டரி தானாக நிரம்பிக்கொள்ளும். புயல் கம்பங்களைச் சாய்த்துவிட்டால் கதை வேறு. பழுதுபார்ப்பு ஒரு வரிசையில்தான் நடக்கும்: முதலில் உயர் அழுத்தப் பாதையும் துணைமின் நிலையமும், அடுத்து அங்கிருந்து தெருக்களுக்குக் கிளம்பும் பாதையான ஃபீடர், அப்புறம் தெரு டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் தனி வீட்டுக்கு வரும் கம்பி. முதல் நாள் இரவு தெருவில் பாதி வீடுகளில் விளக்கு எரியும். மூன்றாம் நாள் பார்த்தால், பேட்டரியை மறுபடி நிரப்ப வழி வைத்திருப்பவர் வீட்டில் மட்டும்தான் ஃபேன் ஓடும். பேட்டரி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்குள் அடிபட்டுப் போயிருக்கும். பல வருஷத்தில் எங்கள் வீட்டில் லெட்-ஆசிட், ஜெனரேட்டர், லித்தியம், சோலார் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மூன்றாம் நாளும் உழைக்குமா என்பதுதான் நான் இப்போது ஒவ்வொன்றிடமும் கேட்கும் கேள்வி.

முதலில் வாட் கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியை (லெட்-ஆசிட்டில் ஒரு வகை) பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட்-ஹவர், அதாவது 1.8 யூனிட். விற்பவர் இதை வைத்துத்தான் "எட்டு மணி நேரம் தாராளமா வரும்" என்பார். கைக்கு வருவது பாதிக்குக் கொஞ்சம் மேல். லெட்-ஆசிட்டை அடிமட்டம் வரை இறக்கினால் ஆயுள் போகும் என்பதால் 30 சதவீதமாவது விட்டுவைக்க வேண்டும். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் வேலையில் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 சதவீதம் போல வெப்பமாக விட்டுவிடும். மிச்சம் சுமார் 1,000 வாட்-ஹவர், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த 150 என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம். வேகமாக இழுத்தால் மொத்தக் கொள்ளளவே குறைந்துவிடும். பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே இதற்கு ஒரு சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். விளம்பரத்தில் மட்டும் அது வருவதில்லை.

இந்த 1,000 வாட்-ஹவரை வைத்து எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது ஃபேன். பழைய ரக சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டைச் சுற்றி நிற்கும். இரண்டு பழைய ஃபேன், 9 வாட் எல்இடி மூன்று, ரூட்டர் ஒன்று என்றால் ஐந்து மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். ஃபேனை மட்டும் மாற்றினால் அதே பேட்டரி பத்து மணி நேரம் வரும். இரண்டாவது பேட்டரி வாங்கலாமா என்று யார் என்னிடம் கேட்டாலும், முதலில் ஃபேனை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். பேட்டரி சில வருஷத்தில் செத்துப்போகும், ஃபேன் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

பலர் கவனிக்காத ஒரு ஓட்டை, இன்வெர்ட்டர் தானே குடிக்கும் கரண்ட். எதுவும் ஓடாவிட்டாலும் சும்மா இருப்பதற்கே பல இன்வெர்ட்டர்கள் 10 முதல் 20 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 15 வாட் என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 360 வாட்-ஹவர். கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரண நாளில் இது கண்ணிலேயே படாது. நீண்ட மின்தடையில் படும். அதனால் எங்கள் வீட்டில் பகலில் வெளிச்சம் வந்ததும் இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்துவிடுவோம். போன் சார்ஜ், ரூட்டர் எல்லாம் ஒன்றாக ஒரு நேரம் ஒதுக்கிப் போட்டுக்கொள்வது. ஆரம்பத்தில் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாம் நாள் இரவும் ஃபேன் சுற்றியதும் அது நின்றுபோனது.

கரண்டைச் சதுர அலையாகக் கொடுக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, பல்பு எரியும், சரி. ஆனால் ஃபேனில் "ங்ங்ங்" என்று ஓர் உறுமல் வரும், ரெகுலேட்டரில் குறைத்து வைத்தால் உறுமல் கூடும். பகலில் பழகிவிடும், புயல் ஓய்ந்து தெருவே நிசப்தமாக இருக்கும் இரவில் தலைக்கு மேல் அதைக் கேட்டுக்கொண்டு தூங்குவது பெரிய தவம். ஃப்ரிட்ஜ் மாதிரி மோட்டார் உள்ள பொருள்களும் அதில் சூடாகும். மின்வாரியக் கரண்ட் போலவே வளைந்த அலை தரும் சைன் வேவ் வாங்குங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

லெட்-ஆசிட் பேட்டரி கவனிப்பைக் கேட்கும். ஒவ்வொரு செல்லின் மூடியிலும் ஒரு மிதவை நிற்கும். அது சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பாசிட்டிவ் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து கழுவி, காய்ந்ததும் வாசலின் தடவினால் போதும். எங்கள் பேட்டரியில் அந்தப் பூவின் அடியில் போல்ட் தளர்ந்திருந்தது. லோடு ஏறியதும் அந்த இடம் மட்டும் தொட முடியாத அளவுக்குச் சூடானது. புயல் எச்சரிக்கை வந்ததும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு போல்ட்டைத்தான். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும், தண்ணீர் ஏறாத உயரமும் வேண்டும். காலியான பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நீண்ட மின்தடைக்குப் பிறகு "பேட்டரி முன்ன மாதிரி நிக்கலை" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

லித்தியத்துக்கு மாறியபோது எல்லோரும் ஆயுளையும் எடையையும்தான் பேசினார்கள். இரண்டும் உண்மை. 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ போல இருக்கும், ஒரு கையில் தூக்கலாம்; 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலரை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். கைக்கு வரும் மின்சாரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் புயல் நேரத்தில் எனக்குப் பயன்பட்டது சார்ஜ் ஏறும் வேகம். லெட்-ஆசிட் 15 ஆம்பியரில் ஏறத்தொடங்கி, கடைசி 20 சதவீதத்துக்கு மெதுவாகச் சொட்டுச்சொட்டாக எடுத்துக்கொள்ளும். முழுதாக நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல். அதுவரை ஜெனரேட்டரை ஓடவிட்டால் எரிபொருளுக்குக் கட்டாது. லித்தியம், சார்ஜர் கொடுத்தால், 50 ஆம்பியரை அலட்டாமல் வாங்கி இரண்டு மணி நேரச் சொச்சத்தில் நிரம்பிவிடுகிறது. கிடைக்கும் நேரத்தில் நிரப்பிக்கொள்ள முடிவதுதான் இதன் பலம். குறை என்றால், கடைசி வரை வோல்ட்டேஜ் இறங்காமல் நின்று திடீரென்று மொத்தமாக அணையும். பல்பு மங்கி முன்கூட்டியே சொல்லாது. பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டக் கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிரும் ஊர்களில் 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் போடவும் கூடாது.

ஜெனரேட்டரை வீடு முழுக்க ஓட்டும் யந்திரமாக நான் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சார்ஜர், அவ்வளவுதான். 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் குறைந்த லோடில் மணிக்கு அரை லிட்டர் போலக் குடிக்கிறது. ஒரு விளக்குக்காக ஓட்டினாலும் அதே செலவு. அதனால் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் பேட்டரி, ஃப்ரிட்ஜ், போன், லேப்டாப், ஹெட்லேம்ப் எல்லாம் ஒரே மூச்சில். பெட்ரோல் விஷயத்தில் முன்னேற்பாடு வேண்டும், ஏனென்றால் கரண்ட் இல்லாவிட்டால் பங்கின் பம்ப்பும் ஓடாது. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசுக்காகி கார்புரேட்டரை அடைக்கும். வேலை முடிந்ததும் எரிபொருள் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது என் வழக்கம்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறதே என்று வராந்தாவிலோ ஷெட்டிலோ வைத்து ஓட்டினாலும் ஆளைக் கொல்லும். மழையாக இருந்தாலும் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வெளியே பார்த்தபடிதான் வைக்க வேண்டும். அடுத்தது, இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒரு வயரைச் செய்து ஜெனரேட்டர் கரண்டை சுவர் சாக்கெட் வழியாக வீட்டுக்குள் ஏற்றும் குறுக்கு வழி. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குத் தலைகீழாகப் போய், அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். அதற்குப் பதில், மின்வாரியக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

ஃப்ரிட்ஜுக்கு நான் பேட்டரியைத் தொடுவதே இல்லை. நாளைக்கு ஒரு யூனிட் போல அது தின்னும். முழு பேட்டரியும் அதற்கே சரியாகிவிடும். திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24. இங்கேதான் பாட்டில் ஐஸ் வேலை செய்கிறது. எச்சரிக்கை வந்த அன்றே ஒரு லிட்டர் பாட்டில்களில் மேலே கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் அடைத்துவிடுவேன். ஒரு லிட்டர் ஐஸ் உருகும்போது 93 வாட்-ஹவர் வெப்பத்தை உறிஞ்சும். பத்துப் பாட்டில் என்றால் காசே செலவில்லாமல் 930 வாட்-ஹவர் குளிர். அதில் மூன்று நான்கைக் கீழே பால் இருக்கும் தட்டுக்கு இறக்கிவைத்தால் இன்னொரு நாளை ஓட்டிவிடலாம். உருகினாலும் குடிக்கத் தண்ணீர் ஆயிற்று.

சின்னச் சின்னப் பொருள்களில், தலையில் மாட்டும் ஹெட்லேம்ப்தான் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது. இரண்டு கையும் ஃப்ரீயாக இருக்கும்; கழுத்தில் டார்ச்சை இடுக்கிக்கொண்டு ஃப்யூஸ் பார்க்கும் அவஸ்தை போயிற்று. எமர்ஜென்சி லைட் ஏமாற்றம்: மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து, வேண்டும்போது ஐந்து நிமிஷம் மினுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். முதுகில் சோலார் ஒட்டிய பவர் பேங்க் வெறும் வேடிக்கை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர். உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றரை வாட் கொடுத்தால் உச்சி வெயிலிலேயே நிரம்ப 50 மணி நேரம் ஆகும். ரூட்டருக்கான மினி யுபிஎஸ் நல்ல பொருள்தான், ஆனால் வெளியே இருக்கும் இணைப்புப் பெட்டியும் செல்போன் டவரும் தங்கள் பேட்டரி தீர்ந்தால் படுத்துவிடும். சிக்னல் பலவீனமானால் போன் அதைத் தேடித்தேடியே சார்ஜைக் காலி செய்யும். ஏரோபிளேன் மோடில் வைத்து, பேச வேண்டியபோது மட்டும் எடுப்பது நல்லது. அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி பல நேரம் போய்விடுகிறது.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். பழுது பார்ப்பவரின் பாதுகாப்புக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும்போது கூரையில் பேனலும் வீட்டுக்குள் இருட்டும்! பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் தனியாக ஓடும். எங்களிடம் இருப்பது, பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரோடு தனியாக நிற்கும் இரண்டு 200 வாட் பேனல். மேகமூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது சில நேரம். புயல் கடந்து வானம் வெளுத்த பிறகு இதுதான் ஜெனரேட்டருக்கு ஓய்வு கொடுக்கிறது.

வீட்டுப் பொருள்களுக்கு, கரண்ட் திரும்ப வரும் நிமிஷம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. தெரு முழுக்க ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் வோல்ட்டேஜ் தள்ளாடும், மறுபடி போகும், வரும். ஒருமுறை கரண்ட் வந்ததும் ஒரு அறை பல்பு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "சார், முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, நியூட்ரல் போயிருக்கும்" என்றார். கரண்ட் திரும்பிப் போகும் கம்பிதான் நியூட்ரல்; அது தெருவில் அறுந்திருந்தது. நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டிக்கூட வரலாம். டிவி, சார்ஜர், ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாம் வரிசையாகப் புகையும். அதன்பின், அளவு மீறினால் துண்டித்து மூன்று நிமிஷம் கழித்து இணைக்கும் வோல்ட்டேஜ் புரொடெக்டரை மெயினில் போட்டுவிட்டோம். அது இருந்தும் மின்தடை நேரத்தில் பெரிய பொருள்களின் பிளக்கைப் பிடுங்கியே வைக்கிறோம். ஒரு பல்பை மட்டும் விட்டு, அது கால் மணி நேரம் ஆடாமல் எரிந்த பிறகுதான் ஒவ்வொன்றாகச் செருகுவது. தண்ணீர் ஏறிய சாக்கெட் இருந்தால் காய்ந்து சோதிக்கும்வரை அந்தச் சர்க்யூட்டே வேண்டாம்.

இன்னும் சரிவராதது தண்ணீர் மோட்டார்தான். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும்; 2 கேவிஏ ஜெனரேட்டர் முக்கி முனகி அணைந்துவிடுகிறது. இதற்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் மீதி நேரமெல்லாம் பெட்ரோலைத்தான் குடிக்கும். இப்போதைக்குக் காற்று வேகமெடுப்பதற்கு முன்பே மேல்நிலைத் தொட்டியையும் இருக்கிற வாளி, டிரம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறோம். மென்மையாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். எங்கள் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்பதால் அதற்கேற்றதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.