லேப்டாப் வைஃபை அடிக்கடி அறுகிறதா? வடசென்னை வீடுகளில் நீண்ட நாள் நின்ற வைத்தியங்கள்

"வைஃபை போயிடுச்சு" என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் போனது எது என்று பார்ப்பதில்லை. டிரைவரை அழித்துப் போடுவது, விண்டோஸை ஃபார்மேட் அடிப்பது, கடைசியில் ரூட்டரையே மாற்றுவது என்று செலவு ஏறும். சில நாளில் அதே தொல்லை திரும்பி வரும். லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை ரேடியோ அலை. ரூட்டரிலிருந்து தெருக்கம்பம் வழியாகப் போவது ஃபைபர். அதற்கு மேல், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். மூன்றில் எது அறுந்தாலும் பிரவுசரில் பக்கம் திறக்காது. எது அறுந்தது என்று தெரியும் வரை ஒரு செட்டிங்கையும் தொட வேண்டாம்.

கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளை அடிக்கும் கருப்பு ஜன்னல்) ஐபிகான்ஃபிக் (ipconfig) கொடுத்து, டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் ரூட்டரின் முகவரி, 192.168.1.1 அல்லது 192.168.29.1 போல இருக்கும். இப்போது இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் அந்த முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8க்கும் (இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி) பிங் (ping) ஓட விடுங்கள்; பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு ஹைஃபன், டி (-t) சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். திரையின் ஓரத்தில் இரண்டையும் வைத்துவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். ரூட்டர் பக்கத்து ஜன்னலில் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென்று 300, 900 என்று எகிறி, "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" விழுந்தால் பழுது ரேடியோவில். ரூட்டர் ஜன்னல் அமைதியாக இருக்க, 8.8.8.8 மட்டும் செத்தால் லைன் பழுது. லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டும் ஓடியும் பக்கம் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

மழை வந்தால் வைஃபை போகிறது என்று எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை சொல்வார்கள். வீட்டுக்குள் பத்து மீட்டர் தூரத்துக்கு மழையும் ஈரப்பதமும் இந்த அலையைத் தடுக்காது. நனைவது கம்பத்தில் இருக்கும் ஃபைபர் இணைப்புப் பெட்டி, தடுமாறுவது கரண்ட். வீட்டுக்குள் இருக்கும் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, லைனில் சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக எரிந்தால் லைன்காரரைக் கூப்பிடுவது மட்டுமே வழி.

ரேடியோதான் என்று உறுதியானால், அடுத்து விண்டோஸே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படிக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டபிள்யூலேன்ரிப்போர்ட் என்ற நான்கு சொல்லையும் ஆங்கிலத்தில் வரிசையாக (netsh wlan show wlanreport) அடித்தால், கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று ஒரு பக்கம் உருவாகும். அதில் நேரத்தைப் பாருங்கள். சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அறுந்தால் ரூட்டரில் குரூப் கீ (இணைந்த எல்லாக் கருவிக்கும் பொதுவான ரகசியச் சாவி) புதுப்பிக்கும் இடைவெளி 3600 விநாடி என்று இருக்கிறதா என்று சந்தேகப்படலாம். லேப்டாப்பின் பழைய வைஃபை கார்டுகள் சில அந்தச் சாவி மாறும்போது பின்தங்கிவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் அறுந்தால் அது நெரிசல். லேப்டாப் திரையைத் திறந்து மூடும்போது அறுந்தால் ஆன்டெனா ஒயர்.

நெரிசல்தான் நம் பக்கத்தின் பெரிய வியாதி. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரே மாடிப்படியைச் சுற்றி நாலு குடித்தனம், நாலு ரூட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு சிக்னலின் அகலமோ 20. பக்கத்து வீட்டுக்காரர் 6ல் இருக்கிறார் என்று நீங்கள் 4க்குப் போனால் இரண்டு பேருக்கும் கெடுதல். 6லேயே இருந்தால், இரண்டு ரூட்டரும் ஒன்றையொன்று கேட்டு முறை வைத்துப் பேசும். ரூட்டரில் சேனலை ஆட்டோவில் விடாமல் மூன்றில் ஒன்றில் பூட்டுங்கள். அகலத்தை 40லிருந்து 20க்கு இறக்குங்கள். வேகம் காகிதத்தில் குறையும்; அறுவது நிற்கும்.

இதைவிட நல்லது 5 கிகாஹெர்ட்ஸ். ரூட்டரில் 2.4, 5 என்ற இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் அங்கும் இங்கும் தாவும். பெயரைப் பிரித்து, லேப்டாப்பில் 5ஐ மட்டும் சேமியுங்கள். அங்கேயும் சேனலில் கவனம் வேண்டும். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரூட்டர் உடனே சேனலைக் காலி செய்தாக வேண்டும், அரை மணி நேரம் திரும்பக் கூடாது. புதிதாகப் போகும் சேனலும் அதே வகையாக இருந்தால், குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். காரணமே தெரியாமல் ஒரு நிமிடம் காணாமல்போகும் வைஃபைக்கு இது ஒரு விளக்கம். 36, 40, 44, 48 அல்லது 149, 153, 157, 161ல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் பலவீனம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் தளர்ந்துவிடும். காங்கிரீட் தளம் இன்னும் மோசம். ரூட்டரைப் பீரோ மேலும் டிவிக்குப் பின்னாலும் வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது, இரண்டுமே தப்பு. இரும்பு பின்பக்கத்தை முழுக்க மறைத்துவிடும். லேப்டாப் வைக்கும் இடத்தில் விண்டோஸ் காட்டும் சிக்னல் 66 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அது மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு), வீடியோ கால் தாங்கும் அளவு. 50 சதவீதம் என்றால் மைனஸ் 75, எப்போது வேண்டுமானாலும் அறும்.

மாடிக்கு எட்டவில்லை என்று, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுப்பதால் வேகம் பாதியாகும், ஏற்கெனவே நெரிசலான சேனலில் இன்னொரு சத்தமும் சேரும். மாடிக்கு ஒரு கேட் 6 ஒயர் இழுத்து, பழைய ரூட்டரையே ஆக்சஸ் பாயின்டாக (வைஃபை மட்டும் பரப்பும் பெட்டியாக) வையுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 போல முதல் ரூட்டரின் வரிசையிலேயே மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, ஒயரை வேன் (WAN) துளையில் இல்லாமல் லேன் (LAN) துளையில் செருக வேண்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். அந்தக் குழப்பமும் "வைஃபை அடிக்கடி போகுது" என்றுதான் தெரியும். ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் மலிவு, ஆனால் கடற்காற்றில் முனை சீக்கிரம் கெடும்.

லேப்டாப் பக்கம் வந்தால் முதலில் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் டேபில், கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்த டேபே இருக்காது. அட்வான்ஸ்டு டேபில் ரோமிங் அக்ரெசிவ்னஸ் (வேறு ரூட்டருக்குத் தாவும் அவசரம்) இருந்தால், வீட்டில் ஒரே ரூட்டர் உள்ளவர்கள் லோயஸ்ட் வைக்கலாம். மாடியில் இரண்டாவது இருந்தால் மீடியமே போதும். நன்றாக ஓடும் டிரைவரின் இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள், விண்டோஸ் அப்டேட் அதை மாற்றிவிட்டால் கைகொடுக்கும். கார்டே காணாமல்போனால் ஷட்டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் அது முழு அணைப்பு இல்லை. ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

மேஜையில் இருக்கும் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கையும் ஹப்பையும் சந்தேகப்படுங்கள். அதன் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது என்பதை இன்டெல் 2012லேயே அளந்து வெளியிட்டது. டிஸ்க்கைச் செருகினால் பிங் எகிறி, பிடுங்கினால் இறங்கினால் வேறு சாட்சி வேண்டாம். நீளமான, கவசமுள்ள கேபிளில் தள்ளி வைத்தால் சரியாகும்.

எல்லாம் செய்தும் ரூட்டருக்குப் பக்கத்திலேயே சிக்னல் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றும் நேரம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பழைய லேப்டாப்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அடிமூடியை எடுத்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். வைஃபை கார்டு கட்டைவிரல் நகம்போலச் சின்னதாக இருக்கும். அதன் மேல் பொட்டு போன்ற இரண்டு கனெக்டர், ஒவ்வொன்றிலும் மெல்லிய ஆன்டெனா ஒயர். ஒரு பொட்டைச் சுற்றி மங்கலான கருப்பு அல்லது பச்சைப் படலம் இருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய துணியால் பொட்டையும் கார்டின் தங்க விளிம்பையும் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாள் கூடாது, தங்கப் பூச்சு போய்விடும். இந்தச் சின்ன கனெக்டர்கள் ஏறத்தாழ 30 முறை மாட்டிக் கழற்றும் அளவுக்கே செய்யப்பட்டவை. விளையாட்டாகப் பிடுங்க வேண்டாம். நேராக மேலிருந்து அழுத்தினால் "டிக்" என்று உட்காரும்.

ஒயர்கள் கீல் வழியாகத் திரைக்குப் போகின்றன. தினமும் திரையைத் திறந்து மூடும்போது மடிந்து மடிந்து உள்ளே அறும். பிங் ஓடும்போதே திரையை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். எண் கூடவே ஆடினால் ஒயரை மாற்றியே தீர வேண்டும். புதுக் கார்டு போட்டாலும் குணமாகாது.

ஒயர் நன்றாக இருந்து கார்டுதான் பழுது என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 நல்ல தேர்வு, விண்டோஸ் 10 (64 பிட்) முதல் ஓடும். ஏஎக்ஸ்211ஐத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். அது அதற்கேற்ற இன்டெல் சிப்செட் உள்ள போர்டில் மட்டுமே உயிர்பெறும். பழைய ஹெச்பி, லெனோவோ மாடல்கள் சிலவற்றில் பயாஸே (போர்டில் பதிந்த தொடக்க மென்பொருள்) வெளிக்கார்டை ஏற்காது, மாடலைச் சொல்லி முன்கூட்டி விசாரியுங்கள்.

கரண்ட் போய் வந்தால் மட்டும் தொல்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் லோடு ஏறும்போது தானே ரீபூட் ஆகும். மினி யூபிஎஸ் வாங்கும்போதும் அதே இரண்டு எண்ணையும் பின்னின் அளவையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ரூட்டரோடு சேராமல் ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்தே யூபிஎஸ் வேண்டும்.