விட்டு விட்டு ஆஃப் ஆகும் பழைய காருக்கு ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர்

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஆஃப் ஆகி, ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு தடவைகூட ஆஃப் ஆகாது. இந்தத் தொல்லையில் மாட்டியிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ரிவ்யூ செய்வது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி ப்ளூடூத் வழியாகப் போனில் பார்க்கிற, இஎல்எம் 327 வகை ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டரோடு பேசி அதன் அளவுகளைப் படிக்கும் கருவி. கடைகளில் கிடைக்கும் கார் கருவிகளிலேயே மலிவான ஒன்று. காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைக்கும் கோளாறு எண்களை, அதாவது கோட் படிக்க மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் பாதிப் பேருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்ய வாங்குகிறீர்கள் என்றால் இதைவிட உருப்படியான பொருள் இந்த விலையில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

என்னுடையது பழைய பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஆஃப் ஆகும், காலையில் எடுத்தவுடன் ஒருபோதும் இல்லை. செக் இன்ஜின் லைட் எரியவில்லை. முதலில் விட்ட ஒர்க்‌ஷாப்பில் அவர்களுடைய பெரிய ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, கோட் எதுவும் இல்லை, அப்படியென்றால் ஃபியூயல் பம்ப்தான் என்று சொல்லி பம்பை மாற்றினார்கள். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கவில்லை. புது பம்புடன் வண்டி முன்பு போலவே ஆஃப் ஆனது. எனக்கு இதில்தான் கோபம். நல்லாயிருந்த ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்ட பாகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நடு ரோட்டில் இன்ஜின் நிற்கிற வண்டியை யூகத்தை நம்பி ஓட்ட முடியாது.

கோட் ஏன் வரவில்லை என்பது பலருக்குப் புரிவதில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ ஒரு கோளாறைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்தக் கோளாறு குறிப்பிட்ட நேரமாவது நீடிக்க வேண்டும், சில கோட்கள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் வந்தால்தான் லைட்டை எரிய வைக்கும். இன்ஜின் சுற்றுவதைக் காட்டும் கிராங்க் சென்சாரின் சிக்னல் அறுந்தால் ஈசியூவின் கண்ணுக்கு அது இன்ஜின் நின்றுவிட்டது போலத்தான் தெரியும், சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் சிக்னல் அப்படித்தானே நிற்கும். வால்வுகளை இயக்கும் தண்டின் சுழற்சியைக் காட்டும் கேம் சென்சார் சிக்னல் வந்துகொண்டே இருக்கும்போது கிராங்க் சிக்னல் மட்டும் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு எழுதப்பட்ட ஈசியூக்கள் பி 0335 கோட் போடும், பழைய கார்களில் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கோட் இல்லை என்றால் எலக்ட்ரிக்கல் கோளாறே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோட் இருக்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் அவசரப்பட்டு கிளியர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். கோடுடன் சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற ஒன்று இருக்கும், கோட் விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, இன்ஜின் லோடு எல்லாம் எவ்வளவு இருந்தது என்ற பதிவு. கிளியர் செய்தால் அதுவும் போய்விடும், ஈசியூ கற்று வைத்திருந்த, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஃபியூயல் டிரிம் அளவுகளும் பெரும்பாலும் போய்விடும். முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் மற்றது.

சரி, ரெக்கார்டிங்குக்கு வருகிறேன். போனில் டார்க் (Torque) போன்ற ஏதாவது ஒரு ஆப் போதும், ஓடும்போது அளவுகளை ஃபைலில் எழுதிக்கொண்டே வரும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான். பழைய கார்கள் பலவற்றில் ஓபிடி பேசும் வேகம் வினாடிக்கு 10.4 கிலோபிட் மட்டுமே, அதிலும் ஸ்கேனர் ஒவ்வொரு அளவாகக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். ஆசைப்பட்டு இருபது அளவுகளைத் தேர்வு செய்தால் ஒவ்வொன்றும் பல வினாடிக்கு ஒருமுறைதான் வரும், இன்ஜின் ஆஃப் ஆகிற தருணம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே விழுந்து தொலைந்துபோகும். நான் வைத்தவை ஆர்பிஎம், வண்டியின் வேகம், கூலன்ட் சூடு, ஷார்ட் டேர்ம் ஃபியூயல் டிரிம், அப்புறம் ஸ்கேனரே அளக்கிற பேட்டரி வோல்டேஜ். இந்தக் கடைசி அளவு ஈசியூவைக் கேட்டு வருவதில்லை. சாக்கெட்டின் 16ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வரும் வோல்டேஜை ஸ்கேனர் தானே அளந்து சொல்கிறது, அதனால் ஈசியூ செத்துப்போனாலும் இது ஓடிக்கொண்டிருக்கும்.

போனை டேஷ்போர்டில் வைத்துவிட்டு ஓட்டுங்கள், ஓட்டும்போது அதைப் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து ஆஃப் ஆன இடத்தைத் தேடினால் போதும். நிற்கிற விதத்தை வைத்தே காரணத்தின் குடும்பத்தைப் பிரித்துவிடலாம்.

ஆஃப் ஆன நொடியில் ஆர்பிஎம், வேகம், சூடு எல்லாமே ஒன்றாக அறுந்துபோய், ஸ்கேனரின் வோல்டேஜ் மட்டும் தொடர்ந்து வந்தால் ஈசியூவுக்கே கரன்ட் போகவில்லை. மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த காண்டாக்ட், ஃபியூஸ் பாக்ஸ், எர்த் வயர், இந்த வரிசையில் தேடுங்கள். பழைய ரிலேக்களில் உள்ளே சால்டர் விரிசல் விட்டு, சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். இக்னிஷன் சுவிட்சை யாரும் சந்தேகப்படுவதே இல்லை, ஆனால் 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சாவி ஓடும் நிலையிலிருந்து தானாக நழுவி, இன்ஜின் நின்று, பவர் ஸ்டியரிங் போய், விபத்தில் ஏர்பேக்கும் விரியாமல், அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழைய காரின் சாவியில் கனமான கொத்தைத் தொங்கவிடாதீர்கள்.

ஈசியூ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஆர்பிஎம் மெதுவாகத் தள்ளாடி, இழுவை குறைந்து, ஃபியூயல் டிரிம் பெட்ரோலைக் கூட்டும் பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போய் அப்புறம் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. பம்ப், ஃபில்டர், டேங்கின் காற்றோட்டம் அடைத்திருப்பது எல்லாம் இதில் சேரும். அடைப்பைச் சோதிக்க, வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், காற்றை உறிஞ்சுகிற சத்தம் பலமாகக் கேட்டு உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் கிட்டத்தட்ட விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவதுதான் என் காரில் வந்தது. வேகம் பதிவாகிக்கொண்டே இருக்கிறது, சூடு பதிவாகிறது, டிரிம் அதுவரை ஒழுங்காக இருந்திருக்கிறது, ஆர்பிஎம் மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து ஒரே தாவலில் பூஜ்யம். இதில் கவனிக்க வேண்டியது, அப்போது வண்டி கியரில் இருக்கிறது, கிளட்ச்சை மிதிக்கவில்லை. சக்கரம் சுற்றினால் இன்ஜினும் சுற்றியே ஆக வேண்டும், எரியாவிட்டாலும் சுற்றும். உண்மையில் சுற்றுகிற இன்ஜினைப் பூஜ்யம் என்று ஈசியூ சொல்கிறதென்றால் அதற்குச் சுழற்சி தெரியவில்லை, அதாவது கிராங்க் சென்சாரோ அதன் வயரோ கப்ளரோ. டிராஃபிக் சிக்னலில் ஐடிலிங்கில் நின்றுகொண்டிருக்கும்போது ஆஃப் ஆனால் இந்தத் தர்க்கம் செல்லாது, அங்கே எந்தக் காரணத்தால் நின்றாலும் ஆர்பிஎம் பூஜ்யம்தான் ஆகும். ஆட்டோமேட்டிக் கார்களிலும் இப்படி முடிவு கட்ட முடியாது. அவர்கள் இன்னொன்று செய்யலாம். நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாத அந்தச் சில நிமிடங்களில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆப்பில் ஆர்பிஎம் பாருங்கள். நல்ல சென்சார் என்றால் இருநூறு சுற்று அளவிலாவது ஏதாவது காட்டும். அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் அதே சந்தேகம்.

ஆனால் ஸ்கேனர் காட்டியது என்பதற்காக உடனே சென்சாரை மாற்றக் கூடாது, அப்படிச் செய்தால் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. என்னுடையது இரண்டு வயர் உள்ள காயில் வகை. மல்ட்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தேன், ஆறிய நிலையில் சரியாகத்தான் காட்டியது. இந்த வகைக்கு பல கார்களில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும், உங்கள் காருக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பிறகு முடி உலர்த்தும் டிரையரால் சூடேற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தபோது அளவு ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் முழுதாக ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பே அறுந்த நிலை. ஆற விட்டதும் பழைய அளவுக்கே திரும்பியது. உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பி எங்கோ அறுந்து, சூட்டில் விரிந்து விலகுகிறது. சூடேறிய பிறகு மட்டும் ஏன் ஆஃப் ஆனது, ஆறியதும் ஏன் ஸ்டார்ட் ஆனது, ஒர்க்‌ஷாப்பில் ஏன் வரவில்லை, எல்லாவற்றுக்கும் அங்கேயே விளக்கம் கிடைத்துவிட்டது. மூன்று வயர் உள்ள ஹால் வகைக்கு இந்த ஓம் சோதனை பொருந்தாது, அதற்கு சப்ளை வோல்டேஜும் எர்த்தும் வருகிறதா, இன்ஜினைச் சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சென்சாரோடு கப்ளரையும் பாருங்கள். எனக்கு வயரின் மேலுறை எக்ஸாஸ்ட் சூட்டில் கெட்டியாகி வளைத்தால் வெடித்தது, அதையும் மாற்றி, சூடு படாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டினோம். அதற்குப் பிறகு வண்டி ஒருமுறைகூட நடுவழியில் நிற்கவில்லை.

இனி இந்தக் கருவியின் குறைகள். இது பிரஷரை அளக்காது. எர்த் வயர் அரித்திருப்பதைச் சொல்லாது, அதற்கு மல்ட்டிமீட்டர்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வோல்டேஜ் டிராப் பார்த்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். ஐடிலிங்கில் மட்டும் ஆஃப் ஆகிற வண்டிகளுக்கு ரெக்கார்டிங்கை விட கண்ணும் கையும் முக்கியம், த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வு ஒட்டிக்கொள்வது, எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு மூடாமல் நிற்பது, வேக்யூம் ஹோஸ் வெடிப்பு. ஹோஸ் வெடிப்புக்கு மட்டும் ஸ்கேனர் நன்றாக உதவும். ஐடிலிங்கில் டிரிம் பிளஸ் பக்கம் எகிறி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இயல்புக்கு வந்தால் அது பெரும்பாலும் காற்றுக் கசிவு.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். சந்தையில் இருப்பவை பெரும்பாலும் போலிச் சிப். வெர்ஷன் 1.5 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அசல் இஎல்எம் நிறுவனம் அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. போலியாக இருந்தாலும் பல வேலை செய்யும், ஆனால் சிலவற்றில் பழைய கார்கள் பேசும் முறைகளுக்கான பகுதியே இருக்காது, பழைய காருக்கு வாங்கி அங்கேயே தோற்றுப்போவதில் என்ன பயன்? திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். உங்கள் காருக்கு ஓபிடி 2 இருக்கிறதா என்பதையும் முதலில் உறுதி செய்யுங்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும்தான் கட்டாயமானது, மற்ற நாடுகளில் பல இடங்களில் அதற்கும் பிறகு. சாக்கெட் இருப்பதாலேயே பேசும் என்று அர்த்தமில்லை. கார்ப்ரேட்டர் வண்டிக்கு இது எதற்கும் உதவாது.

ப்ளூடூத் தொடர்பு தானாக அறுவதும் உண்டு, அதை ஈசியூ செத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈசியூ பதில் தரவில்லை என்று ஆப் சொல்கிறதா, ஸ்கேனரே கிடைக்கவில்லை என்று சொல்கிறதா என்று பாருங்கள். என் கருவி நீளமாக இருந்ததால் முழங்கால் பட்டு இரண்டையும் குழப்பியது, குட்டையான மாடல் வாங்குங்கள். வண்டியை நிறுத்தியதும் கழற்றிவிடுங்கள், சாவி எடுத்த பிறகும் 16ஆம் பின்னில் கரன்ட் இருக்கும், நாள்கணக்கில் செருகியே விட்டால் பலவீனமான பேட்டரி இறங்கிவிடும்.

இன்ஜின் ஓடும்போது நின்றால் பிரேக் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்யூம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள், சாவியை லாக் வரை திருப்பிவிடாதீர்கள். ஆஃப் ஆகிற வண்டியை வேகமான ரோட்டுக்கு எடுத்துப் போய் ரெக்கார்டிங் செய்யவும் வேண்டாம், வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டிச் சூடேற்றினாலே போதும்.

மெக்கானிக்கிடம் விடுபவர்களும் இதை வாங்கலாம். ஃபைலை அவரிடம் காட்டுங்கள். ஆர்பிஎம் மட்டும் அறுந்த இடத்தைக் காட்டியதும், சென்சார் வேலையைச் செய்துகொடுத்த இரண்டாவது மெக்கானிக் வேறு எதையும் தொடாமல் நேராக அந்த வயரைத்தான் தொட்டார்.