காதலை எத்தனையாவது எபியில் சொல்லலாம்?

என் அக்கா மகள் ஒரு காதல் நாவலைத் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறாள். கதை நடப்பது மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில்தான். ஆறு எபி, அதாவது ஆறு எபிசோட், எழுதிவிட்டு, போன வாரம் வீட்டுக்கு வந்து, "சின்னம்மா, எத்தனாவது எபியில அவன் காதலைச் சொல்லணும்? சீக்கிரம் சொன்னா கதை முடிஞ்சிடுது, தள்ளிப்போட்டா படிக்கிறவங்க எப்பதான் சொல்வான்னு கேக்குறாங்க" என்றாள். இருபது வருஷமாகக் காதல் நாவல் படிக்கிறேன், ஆனாலும் அன்று அவளுக்குச் சொல்ல உடனே ஒரு பதில் கிடைக்கவில்லை. அப்புறம் இரண்டு ராத்திரி யோசித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

இப்போது தமிழில் வரும் காதல் நாவல்களின் வேகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கண்டதும் காதல் ஒன்று. மெல்ல மெல்ல வளர்வது இன்னொன்று, ஸ்லோ பர்ன் என்கிறார்கள். அப்புறம் நம் கதைகளில் வற்றாமல் வந்துகொண்டிருக்கும் அந்த மூன்றாவது: முதலில் தாலி, பிறகு காதல். இந்த மூன்றுக்கும் முடிவு ஒன்றுதான், அது படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அமெரிக்காவில் ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்குச் சொல்லும் இலக்கணம்கூட அவ்வளவுதான்: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்கணும், முடிவு மனசுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்கணும். சேரப்போகிறார்கள் என்று தெரிந்தே 400 பக்கம் படிக்கிறோம் என்றால், எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்காகத்தானே படிக்கிறோம்? அதனால்தான் வேகத்தில் தப்பு செய்தால் இந்த வகை நாவலில் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இருப்பதில்லை.

கண்டதும் காதலைக் குறைவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்பன் மிதிலை வீதியில் இராமனும் மாடத்தில் சீதையும் பார்த்துக்கொள்வதை ஒரே அடியில் முடித்துவிடுகிறான், நாமும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரவில் இருவரும் படும் தவிப்பைப் பாட்டு பாட்டாக எழுதுகிறான், மறுநாளுக்கு ஒரு வில்லும் நிற்கிறது. காதல் ஒரு நொடியில் வந்துவிட்டால் தடை வெளியே இருந்துதான் வரணும். இரண்டு பேர் மனசுக்குள்ளும் சந்தேகம் இல்லை, அப்படியென்றால் குடும்பமோ பணமோ சாதியோ தூரமோ, ஏதோ ஒன்று வழியில் நிற்கணும், அதுவும் உண்மையான கனத்தோடு நிற்கணும். இப்போது படிக்கிற பல கதைகளில் இதுதான் இல்லை. பஸ் நிலையத்தில் மழை, அவள் திரும்புகிறாள், அவன் இதயம் நின்றுவிடுகிறது, மூன்றாவது எபியில் காதலைச் சொல்லியாகிவிட்டது. பிறகு முப்பது எபிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மாமன் மகளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இந்த வேகம் குறுநாவலுக்கு அழகாகப் பொருந்தும். பெரிய நாவலுக்கு இதை எடுத்தால் வெளித்தடை பெரிதாக இருக்கணும்.

அப்படிப்பட்ட தடைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் பஞ்சமில்லை. ரப்பர் தோட்டத்தில் வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போய்விடும். அந்தக் காலத்தில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. அந்த நேரத்தில்தான், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கவைத்தார். வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒரு காலையில் பார்த்துக்கொண்ட இரண்டு பேர், அடுத்த மாதம் தோட்டம் கைமாறி இரண்டு மாநிலத்துக்குப் பிரிகிறார்கள் என்று யாராவது எழுதினால், ஒரே பார்வையில் வந்த காதலை நான் 500 பக்கத்துக்கும் நம்புவேன்.

மெல்ல வளரும் காதலுக்கு வருகிறேன், என் மனசு சாய்வது இந்தப் பக்கம்தான். இதில் தடை உள்ளே இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி முதல்முறை காதலைச் சொல்வது 34ஆவது அத்தியாயத்தில், பாதியைத் தாண்டி. அதற்கும் நாயகி எலிசபெத் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். சம்மதம் கிடைப்பது 58இல். இவ்வளவு தாமதம், ஆனாலும் இழுக்கிற மாதிரி இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் அவனைப் பற்றி வைத்திருந்த கணக்கில் ஏதோ ஒன்று மாறுகிறது. முதலில் தப்பான பக்கம் மாறுகிறது, 35இல் அவன் கடிதத்தைப் படித்த பிறகு சரியான பக்கம் திரும்ப ஆரம்பிக்கிறது. காதலைச் சொல்வதை நடுவில் வைத்து, மறுத்ததற்குப் பிறகு இருவரும் மாறுவதற்கு இடம் விட்டிருக்கிறார் பாருங்கள், அதை நம் ஆட்கள் அதிகம் செய்வதில்லை. நம்மிடம் காதலைச் சொல்வது என்றாலே அது கடைசிப் படி.

என் அம்மா பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். பட்டையை நூல் மாதிரி சீவணும் என்பார். அவசரத்தில் கத்தியை ஆழமாக இழுத்தால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, அடுத்த சுற்றுக்கு அங்கே கத்தி வைக்க முடியாது. ஆனால் கத்தி பட்டையில் படாமலே மர நிரையைச் சுற்றி வந்தால் பால் பிடிக்கும் மங்கில் ஒரு சொட்டும் விழாது. ஸ்லோ பர்ன் என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் பாதிக் கதைகளில் நடப்பது இந்த இரண்டாவதுதான். வாரம் மூன்று யூடி (அப்டேட், புதுப் பகுதி) போட வேண்டிய கட்டாயத்தில் ஒரு தவறான புரிதலைப் பிடித்துக்கொண்டு இருபது எபி ஓட்டுகிறார்கள், ஒரு போன் பண்ணி "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். படிக்கிறவருக்குக் கோபம் வருவது தாமதத்தால் இல்லை. போன எபியில் இருந்த இடத்திலேயே இந்த எபியிலும் இரண்டு பேரும் நிற்பதால்தான் கோபம் வருகிறது.

அக்கா மகளின் கதையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நாயகி அரசாங்க கிளினிக்கில் மருந்து கவுண்டரில் வேலை செய்கிறாள், நாயகன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவன், மாதம் ஒருமுறை அம்மாவுக்குச் சக்கரை மருந்து வாங்க வருவான். முதல் மாதம் கார்டை நீட்டுகிறான், அவள் பார்க்காமலே வாங்குகிறாள். இரண்டாவது மாதம் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறான், நம்பர் தாண்டிப் போய்விடுகிறது, அவள் எழுப்பாமல் மருந்தை ஓரமாக எடுத்து வைக்கிறாள். மூன்றாவது மாதம் அவன் கார்டை எடுப்பதற்கு முன்பே அவள் அவன் அம்மாவின் பெயரைக் கூப்பிடுகிறாள். இவ்வளவுதான், ஒரு வார்த்தை காதல் இல்லை, ஆனால் மூன்று சந்திப்பிலும் மூன்று படி ஏறியிருக்கிறார்கள். ஆறாவது எபியில் அக்கா மகளே பயந்துபோய் பஸ் நிலையத்தில் ஒரு மழைக்காட்சியை வைத்து, அவன் அங்கே நின்று அவளை வெறித்துப் பார்க்கிற மாதிரி எழுதியிருந்தாள். அது வேறொரு கதையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட காட்சி.

மூன்றாவது வகை, தாலிக்குப் பின் காதல். மூன்றிலும் அதிக வாய்ப்பு உள்ளதும் இதுதான், அதிகம் கெடுக்கப்பட்டிருப்பதும் இதுதான். வள்ளுவர் காமத்துப்பாலில் வைத்த 25 அதிகாரத்தில் கல்யாணத்துக்கு முந்தைய காதலான களவியலுக்கு 7, கல்யாண வாழ்க்கையான கற்பியலுக்கு 18. காதல் வருவதைவிட வந்த பிறகு நடக்கும் பிரிவு, ஏக்கம், ஊடல் இதற்கெல்லாம் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கொடுத்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால் சந்திக்கவைக்கக் காரணம் தேட வேண்டாம், தினமும் காலையில் சந்திப்புதான். அவள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறாள் என்பதை அவன் நாலாவது நாள் கவனித்து, ஐந்தாவது நாள் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், அது ஒரு எபிக்குத் தாங்கும்.

ஆனால் அதிகம் எழுதப்படுவது என்ன? கட்டாயத் தாலி, அறை, மிரட்டல், அப்புறம் அவனுக்கு ஒரு சோகமான சின்ன வயசு ப்ளாஷ்பேக், உடனே அவள் உருகிவிடுகிறாள். இதை நான் காதல் வளர்ந்ததாக ஏற்கமாட்டேன். இந்த வகையில் தடை என்பது போக முடியாமை. அவள் போக முடிந்தும் இருக்கிறாள் என்ற இடத்துக்குக் கதை வந்தால்தான் காதல் என்றே சொல்ல முடியும். கையில் ஒரு சம்பளமோ, திரும்பிப் போக ஒரு அம்மா வீடோ, ஈப்போவில் ஒரு தோழியின் வாடகை அறையோ, ஏதோ ஒரு கதவு அவளுக்குத் திறந்திருக்கணும். அந்தக் கதவை அவள் பார்த்துவிட்டு, பிறகு முடிவெடுக்கணும்.

இன்னொன்று, நம் நாட்டில் கதையை வைப்பவர்களுக்கு. தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கல்யாணம், ஒரு வருஷ ஒப்பந்தம், பிறகு விவாகரத்து என்று அப்படியே இங்கே நட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டப்படி பொதுவாக ஒரு வருஷம் கழித்து மனு போடலாம், அதனால் அங்கே அந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், அது 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவுக்கு முன்னால் சாதாரணமாக 21 நாள் அறிவிப்பு இருக்கணும், விவாகரத்து மனு கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் பொதுவாகப் போட முடியாது, அசாதாரணமான சூழ்நிலை அல்லது மனு போடுகிறவருக்குக் கஷ்டம் என்று நீதிமன்றம் ஏற்றால்தான் விலக்கு. இதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். 21 நாள் என்பது எவ்வளவு நல்ல கால அளவு! பெயர் இரண்டும் அறிவிப்பில் ஒட்டியிருக்கிறது, ஊரே பார்க்கிறது, இரண்டு பேருக்கும் இன்னும் மனசு நிலைக்கவில்லை, ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வருஷமும் அப்படித்தான். ஒப்பந்தம் ஒரு வருஷம் என்று பேசிக்கொண்டவர்கள், சட்டம் இரண்டு என்கிறது என்று பதினோராவது மாதத்தில் தெரிந்துகொள்ளும்போது, அந்தச் செய்தியைக் கேட்டு இரண்டு பேரில் யார் முகத்தில் வருத்தம் வரவில்லை என்பதை வைத்தே ஒரு முழு எபி எழுதலாம்.

அதனால் அக்கா மகளுக்கு நான் சொன்னது, எபி நம்பரை விடு, முதலில் தடை எங்கே இருக்கிறது என்று சொல். வெளியே என்றால் சீக்கிரமே சொல்லவை, சொன்ன பிறகுதான் கதை. மனசுக்குள் என்றால் பாதியில் ஒருமுறை சொல்லவைத்து மறுக்கவை. கல்யாணத்துக்குள் என்றால், அவளுக்குக் கதவு திறக்கும் வரை அவன் வாயைத் திறக்க வேண்டாம். "என் கதையில ரெண்டு பேருக்கும் தடைன்னு எதுவுமே இல்லையே சின்னம்மா" என்றாள். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்ததில் இருந்தது. அவன் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஒரு வாழ்க்கை தனக்கு உண்டு என்று நினைத்துப் பார்க்கவே அவன் பயப்படுகிறான். அது உள்ளேதான் இருக்கிறது, மெல்லத்தான் போகணும்.

மழைக்காட்சியை எடுத்துவிட்டாள். நேற்று புது ஏழாவது எபியை அனுப்பினாள். அதில் மருந்து வாங்க அவன் வரவில்லை, அவன் அம்மாவே டாக்சி பிடித்து வந்து கவுண்டர் முன்னால் நிற்கிறார், இத்தனை மாதமாகத் தன் பெயரைக் கூப்பிடும் பெண் யார் என்று பார்க்க.