மாற்று எஞ்சினோடு பத்து வருஷம்: என் 69 கமாரோ அனுபவம்

2014-இல் ஒஹையோவில் 1969 கமாரோ (செவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பார்க்கப் போனேன். விலை 32,000 டாலர். "350 எஞ்சின், கம்பெனியில் வந்தது, பிரித்ததே இல்லை" என்றார் விற்றவர். 350 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் அளவு. கடைசியில் 24,500-க்கு வாங்கினேன். விலை இறங்கியதற்குக் காரணம் ஆயில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி.

செவர்லேயின் ஸ்மால் பிளாக் என்ற வி8 எஞ்சின் வகையில் 1979 வரை டிப்ஸ்டிக் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்காவில் இடது) இருக்கும், 1980-இலிருந்து பயணி பக்கம். பானெட்டைத் தூக்கினால், பயணி பக்கம் நின்றது. 69 எஞ்சின் என்றால் அங்கே இருக்கக் கூடாது. 307, 327, 350 எல்லாமே வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி. மேலே ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிட்டால் வித்தியாசமே தெரியாது. அதனால் எண்களைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் காஸ்டிங் நம்பர், அதாவது எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போதே அதில் விழும் எண். பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்கம் புடைப்பாக இருக்கும். கை நுழையாத இடம். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து, கம்பி பிரஷ்ஷால் அழுக்கைச் சுரண்டிப் படித்தேன்: 14010207. இது 1980 முதல் 85 வரை வந்த 350. மறுபக்க விளிம்பில் வார்த்த தேதி: இ 28 2. 'இ' (E) ஆங்கிலத்தில் ஐந்தாம் எழுத்து, அதாவது மே மாதம் 28. ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் போடுவார்கள். தனியாகப் பார்த்தால் 1972 என்றுகூட நினைக்கலாம். காஸ்டிங் நம்பரோடு சேர்த்துப் பார்த்தால் 1982.

அப்புறம் குத்திய எண். பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் சின்னத் தட்டைப் பரப்பு ஒன்று உண்டு. ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்காக சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்த பழக்கம் இங்கே கைகொடுத்தது. தாளை வைத்துத் தேய்த்ததும் 'வி0612' என்று எழுந்து வந்தது, பின்னால் மூன்று எழுத்துகள். 'வி' என்றால் ஃபிளின்ட் ஆலை; பூட்டிய நாள் ஜூன் 12. 69-இல் கடைசியில் இரண்டு எழுத்துதான் குத்துவார்கள். தாளை விற்றவரிடம் நீட்டினேன். அவர் வாதாடவில்லை.

வண்டி எப்படி ஓடுகிறது? அருமையாக ஓடுகிறது. பத்து வருஷத்தில் 31,000 மைல். கம்ப்ரெஷன் குறைவான எஞ்சின் என்பதால் சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும். 2019-இல் ரியர் மெயின் சீல் (எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல்) ஒழுகியது, மாற்றினேன். உதிரி பாகத்துக்கு ஒருநாளும் அலைந்ததில்லை. மாற்று எஞ்சின் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஒரிஜினல் விலையைக் கொடுப்பதுதான் தப்பு.

எவ்வளவு குறைக்கலாம் என்பது வண்டியைப் பொறுத்தது. என்னுடையது சாதாரண வி8 மாடல், அதனால் இழப்பு கொஞ்சம்தான். இதுவே கமாரோவின் பந்தய ரக மாடலான இசட்/28 என்றால் கதையே வேறு. 1969-இல் அதன் 302 எஞ்சினுக்கும் 350-க்கும் 3970010 என்ற ஒரே காஸ்டிங் நம்பர் வந்தது. அதே நம்பர் எழுபதுகளின் டிரக் எஞ்சின்களிலும் உண்டு. காஸ்டிங் நம்பரை மட்டும் காட்டி விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேதியையும், குத்திய எண்ணில் வண்டியின் வரிசை எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அந்த எண்ணையே போலியாகக் குத்துபவர்களும் உண்டு. 2021-இல் நண்பருக்காக 70 செவெல் (இதுவும் செவர்லே கார்தான்) ஒன்றைப் பார்க்கப் போனேன். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பை இழைத்தபோது விழுந்த மெல்லிய நேர்கோடுகள் அந்தத் தட்டைப் பரப்பில் தெரிய வேண்டும். அங்கே கிரைண்டர் போட்ட வட்ட வட்டக் கீறல், அதன்மேல் வரிசை தப்பிய எழுத்துகள். திரும்பி வந்துவிட்டோம். நேர்மையாக ரீபில்ட் செய்யும்போதும் அந்தக் கோடுகள் அழியலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஒரிஜினல் என்று நிரூபிக்க வழியில்லை, அந்த விலையும் கேட்கக் கூடாது.

நடுவில் ஒரு வகை உண்டு: 'சிஇ' என்று குத்திய பிளாக். வாரண்டியில் டீலர் மாற்றித் தந்த எஞ்சின்களில் இது இருக்கும். டீலர் ரசீதும் இருந்தால் எனக்குத் தெரிந்து அது கௌரவமான எஞ்சின். என்னுடையதைவிடக் கூடுதலாகவே கொடுப்பேன்.

அந்தப் பென்சில் பிரிண்ட் இன்றும் என் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது. வண்டியை எப்போது விற்றாலும் வாங்குபவரிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன்.